இரவல் களைப்பு

களைப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட வழி கண்டுபிடித்தவர்கள் நல்ல மனதோடுதான் கண்டுபிடித்தார்கள். இதய அறுவை முடிந்து, நடக்கவே பயப்படுகிறவர்களை நடக்கவைக்க வேண்டும். அவர்கள் நினைத்தது அவ்வளவுதான். ஒருவர் காலில் ஒரு பட்டை, இன்னொருவர் காலில் ஒரு பட்டை. முதலாமவர் நடப்பார், இரண்டாமவருக்கு மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்கிய சங்கதி ஊருக்குள் வந்ததும் ஊர் அதைத் தன் வழக்கப்படி வைத்துக்கொண்டது. முதலாளிகள் மாரத்தான் ஓடினார்கள். கூலிக்குப் பட்டை கட்டியவர்கள் கொட்டகையில் படுத்துக்கொண்டு நாக்குத் தள்ளிக் கிடந்தார்கள். அரசாங்கம் கண் விழித்து, கூலிக்குச் சுமக்கக் கூடாது, கணவன் மனைவி மட்டும் சம்மதத்தோடு கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. அதற்குப் பிறகு சுமக்கிற பட்டை யார் காலுக்குப் போனது என்று சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சமைக்கத் தெரியுமா என்று கேட்டது போய், பட்டை கட்டுவாளா என்று கேட்கிற காலம் அது.

கூகைமுடி அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அன்று காலை பட்டை கட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவர்கள் திருமூர்த்தியும் அவர் மனைவி கோகிலவாணியும். திருமூர்த்திக்குக் கோயமுத்தூரில் பம்ப்செட் மோட்டார் பட்டறை. வாலிபத்தில் கண்ட மலையெல்லாம் ஏறியவர். போன வருடம் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிழைத்தது பெரிய காரியம். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறும்போதுகூட நின்று நின்று மணிக்கட்டில் நாடி பார்க்கிற ஆளாகிப்போனார். கூகைமுடியை ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டால் பழைய திருமூர்த்தி திரும்பி வந்துவிடுவான் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். தாங்கி இல்லாமல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமக்கிறவருக்குத் தாங்கி என்று பெயர். "அதுக்கென்னங்க, நான் கட்டிக்கறேன்" என்று கோகிலவாணி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். அவள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். மரங்களைப் பார்க்கலாம் என்பது அவளுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

சாவடியின் சுகாதாரப் பொறுப்பில் இருந்த பெண் ஜெசிந்தா. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாது. திருமூர்த்தியைப் படுக்கவைத்து, எழுப்பி, குதிக்கவைத்து, நெஞ்சில் எதை எதையோ ஒட்டிப் பிய்த்து அரை மணி நேரம் ஒரு வழி செய்தாள். கோகிலவாணியிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, இருவர் கெண்டைக்காலிலும் பட்டையைச் சுற்றினாள்.

"சார், நல்லாக் கேட்டுக்குங்க. உங்க களைப்பு அக்காவுக்குப் போயிரும். ஆனா உணர்வு மட்டுந்தான் போகும். மலை ஏறறது உங்க இதயம்தான்."

"தெரியும் கண்ணு. மோட்டார் இங்க ஓடுது, ட்ரிப் ஸ்விட்ச் மட்டும் அம்மிணி கால்ல இருக்குது."

ஜெசிந்தா திருதிருவென்று விழித்தாள்.

"மோட்டார்ல சுமை மிஞ்சினா தானா நின்னுக்கற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும். அதைச் சொல்றாரு" என்று கோகிலவாணி எடுத்துக்கொடுத்தாள். பத்திருபது வருடமாக அவர் பேச்சை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது அவள் வேலைகளில் ஒன்று.

"அதேதான்கா! சாருக்கு ஒண்ணும் தெரியாது, நெஞ்சு வெடிக்கப் போனாலும் தெரியாது. நீங்க நில்லுன்னா அவர் நின்னே ஆகணும்."

"கொஞ்சங்கூடத் தெரியாதா?" என்றார் திருமூர்த்தி.

"பத்துல ஒரு பங்கு கசியும் சார். காலு லேசாக் கடுக்கும். அதை வெச்சுக் கணக்குப் போட்டுறாதீங்க."

கணக்குப் போடாதே என்று சொன்னால் போடாமல் இருக்கிற ஆளா அவர்? பாதையில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "தோட்டத்துக்காரங்க, கரண்டு வர்ற நேரத்துல எப்படியாச்சும் தண்ணி பாச்சோணும்னு அந்த ஸ்விட்சக் கம்பியால கட்டிப்போட்டுருவாங்க அம்மிணி. மோட்டார் நிக்காம ஓடும். பாக்க ஜோராத்தான் இருக்கும். கடைசில உள்ள செப்புக் காயில் கருகி நாத்தம் வந்தப்பறந்தான் என்கிட்டக் கொண்டாருவாங்க. அதனால நீ கூச்சப்படாம சொல்லிப்போடோணும், ஆமா."

"சொல்றனுங்க. முதல்ல முன்னால பாத்து நடங்க, வேரு தட்டும்."

அவர் முன்னால் போனார். அவள் பின்னால் போனாள். கடைவீதியானாலும் கல்யாண மண்டபமானாலும் அவர்கள் அப்படித்தான் போவார்கள், காட்டுக்காக ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்?

ஏற்றம் தொடங்கியதும் திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்கள் தம் பாட்டுக்கு ஏறின. மூச்சு வாங்கத்தான் செய்தது, மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதில் சிரமமே இல்லை, யாரோ பக்கத்து வீட்டுக்காரன் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. ஒரு வருடமாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரிந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! பாறையிலிருந்து பாறைக்குத் தாண்டினார். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோகிலவாணி சேலையை விட்டுச் சுடிதார் போட்டிருந்தாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். இரண்டு ஆள் களைப்போடு ஏறிவருகிறவள் முகத்தில் களைப்புக்குப் பதிலாக மரங்கள்தான் இருந்தன.

"ஏனுங்க, சித்த நில்லுங்க! வெடிப்பலா! மேல பாருங்க."

அண்ணாந்தார். கிளைகளில் முள்ளு முள்ளாகப் பந்துகள் காய்த்துக் கிடந்தன. அதற்குள் ஏதோ கருப்பாக அசைந்தது, பிறகு நரைத்த தாடி வைத்த ஒரு முகம் எட்டிப்பார்த்தது. சிங்கவால் குரங்கு. ஒரு பந்தை உடைத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை அவர் தலைக்கு நேராகப் போட்டது.

"இந்த மரம் இல்லீன்னா இந்தக் கொரங்கே இல்லீங்க. மத்த பழமெல்லாம் இல்லாத மாசத்துல இதுதான் அதுக்குச் சோறு. இத்தனை முள்ளையும் வெச்சுக்கிட்டு எப்படிப் பொறுமையா உரிக்குது பாருங்க."

பேசும்போது அவளுக்கு மூச்சு இரைத்தது. அது என் இரைப்பு என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டார். தனக்கு வரவேண்டிய இரைப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு குரங்கின் பொறுமையைப் பாராட்டுகிறாளே என்று அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தான். காட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கும்போது வேறு யாரோ மாதிரி, நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய யாரோ மாதிரி இருந்தாள்.

நாங்கு மரங்கள் சிவப்புத் தளிர் விட்டிருந்தன. தலைக்கு மேல் இருவாச்சி ஒன்று பறந்தபோது சிறகுச் சத்தம் பழைய பஸ் மேடேறுவது போல் கேட்டது, பறவையைப் பார்ப்பதற்குள் அது அடுத்த மலைக்குப் போய்விட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் "அடேங்கப்பா" சொன்னார். நெஞ்சைப் பற்றி நினைக்காமல் முழுதாக ஒரு காலைப்பொழுது போயிருந்தது.

ஒரு திருப்பத்தில் எதிரே ஓர் இளைஞன் ஓடி வந்தான். நடக்கவில்லை, ஓடியே வந்தான். மறுபக்கத்திலிருந்து முடியைத் தாண்டி வருகிறானாம். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"தனியாவா வந்தீங்க தம்பி?" என்றார் திருமூர்த்தி.

"வைஃப் கீழ ரிசார்ட்ல இருக்காங்க சார். ஜம்முனு ஏசி போட்டுப் படுத்திருக்காங்க. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் இது வேலை செய்யுமே!" காலைத் தட்டிக் காட்டிவிட்டு ஓடிப்போனான்.

கோகிலவாணி அவன் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கீழ இருக்கற அந்தப் புள்ள ஒரு மரங்கூடப் பாக்கலீங்க. கட்டில்ல படுத்துட்டு இந்நேரம் மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்கும்."

"நான் அப்படியா? கூடவே கூட்டிட்டு வந்திருக்கறனில்ல?"

"ஆமாமா, நீங்க தங்கமானவர்" என்றாள். கிண்டலா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவருக்கு எப்போதுமே பிடிபடாது.

ஓடைக்கரையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். டப்பாவைத் திறந்ததும் காடே ஒரு நிமிடம் சமையலறையாகிவிட்டது. அவர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். அவள் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பசியில்லை என்றாள். களைப்பு அவளிடம் போனால் பசி மட்டும் எனக்கு வருகிறதா என்று அவர் கேட்டார், அவள் சிரித்தாள்.

அப்போதுதான் அட்டைகளைக் கவனித்தார்கள். அவள் காலில் நான்கைந்து, ஊதிப்போய்த் தொங்கின. ஓடைக்கு அப்பால் ஈரக்காடு, இன்னும் மோசமாக இருக்கும் என்று சாவடியில் சொல்லியிருந்தார்கள். புகையிலை ஊறவைத்த வேப்பெண்ணெய்ப் புட்டியும் கொடுத்திருந்தார்கள். அவள் குனிந்து தடவப் போனாள், குனிய முடியாமல் நிமிர்ந்தாள். திருமூர்த்தி புட்டியை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் மண்டி போட்டார்.

"அய்யோ, விடுங்க! என்னங்க இது, காலைப் போய்... யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"கொரங்குதான் பாக்கும். அது யார்கிட்டயும் சொல்லாது. நீட்டு காலை."

அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கிற மாதிரி, விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தார். பட்டையைச் சற்றே தூக்கி அதற்கடியிலும் தேய்த்து, மறுபடி இழுத்து இறக்கிவிட்டார். பாதத்தில் பித்தவெடிப்பு இருந்தது. இத்தனை வருடத்தில் அதை அவர் பார்த்ததில்லை. கோகிலவாணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வெட்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் அந்த வெட்கம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தன் கால்களுக்கும் பேருக்குக் கொஞ்சம் தடவிக்கொண்டு எழுந்தார்.

ஓடையைத் தாண்டியதும் ஏற்றம் நிமிர்ந்தது. சிறிது தூரம் போனதும் திருமூர்த்தியின் கெண்டைக்கால் கடுக்க ஆரம்பித்தது. மூச்சிலும் ஒரு சிறிய சிரமம் தெரிந்தது. ஜெசிந்தா சொன்ன கசிவு. பத்தில் ஒரு பங்கு. அவர் உடனே கணக்கில் இறங்கினார். எனக்கு வருகிற ஒரு பங்கே காலைக் கடுக்க வைக்கிறதென்றால், மீதி ஒன்பது பங்கையும் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு எப்படி இருக்கும்? அதற்கு மேல் அவளுடைய சொந்தக் களைப்பு வேறு!

கணக்குப் போடப் போட அவள் அவர் கண்ணில் வளர்ந்துகொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாட்களில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தவள். காலையில் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு மாலையில் கஞ்சியோடு வந்து நின்றவள். பட்டறையில் சம்பளப் பட்டுவாடா நிற்காமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அப்போதெல்லாம் பட்டை எதுவும் கட்டாமலேயே சுமந்தாள். என்ன பெண் இவள் என்று வாய்விட்டே சொன்னார்.

"என்னங்க?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. நீ மெல்ல வா."

அவள் மெல்லத்தான் வந்தாள். முதலில் நாலு எட்டு பின்தங்கினாள், பிறகு ஒரு திருப்பம் பின்தங்கினாள். அவர் நின்று காத்திருக்கும்போதெல்லாம் மரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு மரத்தில் கையூன்றி நின்றாள். ஆனால் மரத்தின் பெயர் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

"முடியலீன்னா சொல்லோணும். சொல்லியிருக்கறனில்ல?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க. நீங்க ஏறுங்க. நீங்க ஏறுறதப் பாத்துட்டே வர்றேன்."

மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. புல்வெளிக்கு மேலே கூகைமுடி. வட்ட முகத்தோடு குந்தியிருக்கும் கூகை ஆந்தையேதான், வெயிலில் பளபளத்தது. ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் ஏறிவிடலாம். திருமூர்த்திக்குக் கண் கலங்கியது. ஒரு வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து அவரைக் கையசைத்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"அம்மிணி! வந்துட்டோம்!" என்று திரும்பினார்.

கோகிலவாணி புல்லில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர்ப் புட்டியைத் திறக்கப் பார்த்தாள், மூடி கைநழுவி உருண்டு போனது. அவர் ஓடிவந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். ஓடுகிற மோட்டாரின் சூட்டை இந்தக் கையால் தொட்டுத்தான் சொல்வார், மீட்டர் தேவைப்படாது. நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது.

போன வருடம் பட்டறையில் விழுந்தபோது தன் நெற்றி இப்படித்தான் வேர்த்தது என்று அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. இது என் நெஞ்சு. எனக்கு எதுவும் தெரியாமல் உள்ளே கருகிக்கொண்டிருக்கிறது, அது இவள் முகத்தில் தெரிகிறது.

முடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். யாராவது பெரிய மனது பண்ணி அதைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கக் கூடாதா என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆத்திரமாக வந்தது.

"திரும்பலாம்."

"இன்னுங் கொஞ்சந்தானுங்க. போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

"விளையாடறியா?"

"நெசமாத்தாஞ் சொல்றேன். உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறீங்க."

இந்த நிலைமையிலும் என்னை ஏற்றிவிடப் பார்க்கிறாளே என்று அவர் நெகிழ்ந்துபோனார். அதை மறைக்கக் குரலில் கொஞ்சம் கேலியைக் கலந்துகொண்டார். "உனக்காகன்னு நெனச்சு ஏமாந்துக்காத. என்ற நெஞ்சுக்காகத்தான் திரும்பறேன். எந்திரி."

கோகிலவாணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்று கை நீட்டினாள்.

இறக்கம் முழுக்க அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார். நடப்பார்கள், உட்காருவார்கள், மறுபடி நடப்பார்கள். அவருடைய கால் கடுத்தது, அதை அவர் சட்டை செய்யவில்லை. முடியை விட்டுவிட்டு வந்த வருத்தம் பாதி வழியிலேயே எங்கோ இறங்கிப்போய்விட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நல்ல காரியத்தைச் சரியான நேரத்தில் செய்துவிட்டோம் என்ற நிறைவு அவருக்கு இருந்தது. அவள் தன் தோளில் சாய்ந்து நடப்பதும் சுகமாக இருந்தது. வெடிப்பலாக் குரங்குகள் இவர்களைப் பார்த்தன, இந்தத் தடவை எதையும் போடவில்லை.

ஜெசிந்தா தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கோகிலவாணியைக் கட்டிலில் படுக்கவைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"முதல்ல என்னைப் பாரு கண்ணு. என்ற நெஞ்சுதான் தகராறு பண்ணுது" என்றார் திருமூர்த்தி.

அவள் அவருடைய பட்டையைக் கழற்றிக் கருவியில் வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே சார்! இதயம் கல்லு மாதிரி இருக்கு." பிறகு கோகிலவாணியின் பட்டையைத் தொட்டவள் விரல்களைத் தேய்த்து முகர்ந்தாள். "இதென்ன, உள்ள எண்ணெயா?"

"அட்டைக்குப் போட்டுவிட்டேன்."

"எண்ணெய் இருந்தா தோல்ல பிடிக்காது சார். ஓடைகிட்டயே இணைப்பு விட்டுப் போயிருக்கு." ஜெசிந்தாவின் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் உங்க களைப்பு எதுவும் அக்காவுக்குப் போகல. நீங்க உங்க களைப்போடவேதான் ஏறியிருக்கீங்க. அக்காவுக்கு வந்ததெல்லாம் அக்காவோடதுதான். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, நாடி தப்பித் தப்பி அடிக்குது. இன்னும் மேல போயிருந்தா நாங்க இறக்கிக் கொண்டுவந்திருக்கவே முடியாது. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

திருமூர்த்திக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. கெண்டைக்காலில் கடுத்தது கசிவு இல்லை. அவ்வளவுதான் அவருடைய மொத்தக் களைப்பே. கூகைமுடிக்குக் கீழ்வரை அவர் தன் சொந்த நெஞ்சோடு, யார் தயவும் இல்லாமல் ஏறியிருக்கிறார். ஒரு வருடமாக ஏங்கிக் கிடந்த செய்தி அது. இப்போது வந்து நின்றபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"விட்டுப் போனா ஒண்ணும் சத்தம் போடாதா இது?" என்றார்.

"தாங்கிப் பட்டை அதிருமே சார். அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

கோகிலவாணி கண்ணைத் திறக்காமலேயே, "தெரியுமுங்க" என்றாள். "அதிர்ந்துச்சு. உங்க களைப்பு நெஞ்சுக்கு நேரா ஒரு கல்லு மாதிரி இருந்துச்சு, அதும் நின்னுபோச்சு. மேல பாத்தா நீங்க பாட்டுக்கு ஏறிட்டிருக்கறீங்க, ஒரு வருசமா என்னென்னமோ பயந்த மனுசன்! எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுங்களா? சொன்னா மறுபடி நாடியப் புடிச்சுட்டு நின்னுக்குவீங்க. அதான் சொல்லல."

"அது சரி. கடைசில உக்காந்தியே, அப்பவாச்சும் இது உன்றதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

உடனே திரும்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். முடி அவர் கண்ணுக்குள் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"சென்னிமலைக் கோயில் படியில, பாப்பா வயித்துல இருக்கறப்ப உக்காந்துட்டேன். 'நீ மெல்ல வா, நான் போய் வரிசைல நிக்கறேன்'னு போயிட்டீங்க. தப்புன்னு சொல்ல வரலீங்க. எல்லாரும் அப்படித்தான். இன்னைக்கும் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன், நீங்க கேக்கல. உங்க நெஞ்சுக்காகத் திரும்பலாம்னீங்க பாருங்க, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதான் சரின்னுட்டேன்."

அவள் குரலில் துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பார். ஜெசிந்தா ஜன்னலைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணு," என்று ஜெசிந்தாவைக் கூப்பிட்டார் திருமூர்த்தி. "இதை மாத்திக் கட்ட முடியுமா? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவளோடதை நான் வாங்கிக்கறேன்."

"கட்டலாம் சார். உணர்வுதான் வரும், உங்க இதயத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அக்கா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அக்கா, சம்மதமா?"

"அவரு தாங்க மாட்டாருங்க, வேண்டாம்" என்றாள் கோகிலவாணி.

"தாங்குவேன். நீ சம்மதம்னு சொல்லு."

சொன்னாள். ஜெசிந்தா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுப் பட்டைகளை மாற்றிக் கட்டினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தோள்கள் இறங்கின. முழங்காலுக்குள் ஈர மணலைக் கொட்டியது போல ஒரு கனம், அது இடுப்புக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, கண்ணிமை வரைக்கும் வந்தது. காதுக்குள் ஓர் இரைச்சல். பக்கத்திலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுக்க நினைத்தார். நினைப்பதற்கும் கைக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருந்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவா?" என்றார். "ஒரே நாள்ல மலை உன்னை இவ்வளவா போட்டுப் பாத்துருச்சு?"

ஜெசிந்தா கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னாள். "இது மலைக் களைப்பு இல்ல சார். உக்காந்து உக்காந்து இறங்கினதுல, குளுக்கோஸ் குடிச்சதுல அதெல்லாம் போயிருச்சு. காலையில கட்டறப்ப அக்காவோட களைப்பு அளவு பதிவாகியிருக்கு. இப்பவும் அதேதான் இருக்கு. தாங்கியோட அளவைப் பாக்கணும்னு எங்களுக்கு விதி கிடையாது, அதனால நான் பாக்கல."

அப்படியென்றால் மலை ஏறுவதற்கு முன்பே இது இருந்தது. தேங்காய் துருவும்போது இருந்தது. பாடம் நடத்தும்போது, கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கும்போது, நீங்க தங்கமானவர் என்று சிரிக்கும்போதும் இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று திருமூர்த்தி தலையை நிமிர்த்தினார். அதற்கே பாடுபட வேண்டியிருந்தது.

கோகிலவாணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கால்களைத் தொங்கப்போட்டு லேசாக ஆட்டிப் பார்த்தாள். கைகளைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். புது வளையல் போட்டுக்கொண்ட பெண் மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பி, அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்கம்மிணி, மத்தவங்க எல்லாரும் எப்பவும் இப்படித்தான் இருப்பாங்களா?"

திருமூர்த்திக்குக் கேட்டது. எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது, எழ முடியவில்லை.